வலி மாத்திரையின் மூலக்கூறை மாற்றினால் என்ன நடக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் ஹட்டனில் ஒரு பாமசியில் மருந்தாளராக நிற்பதும், மாலையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. வலி மாத்திரைகளைப் பற்றி இரண்டு இடங்களிலும் ஒரே சந்தேகங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. பாமசிக்கு வருகிறவர்கள் "இதைவிட நல்லது இல்லையா?" என்கிறார்கள்; மாணவர்களோ அதையே "இந்தக் கூட்டத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் என்ன?" என்கிறார்கள் (கூட்டம் என்பது மூலக்கூறின் ஒரு பகுதியாக இருக்கும் சிறு அணுத்தொகுதி). கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். விடைகள் இரசாயனத்தை விளக்குவதற்காக எழுதப்பட்டவை. யார் எதைக் குடிக்கலாம் என்பதை அவரவர் வைத்தியரே சொல்ல வேண்டும்.

"சேர், பனடோல் கேக்குற மாதிரி வெள்ளைப் பரசிட்டமோல் கேக்காதுன்னு சொல்றாங்களே, உண்மையா?"

இரண்டிலும் இருப்பது ஒரே மூலக்கூறுதான், அளவும் ஒரே 500 மில்லிகிராம்தான். பனடோல் என்பது 1956இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்த ஒரு வணிகப் பெயர். தோட்ட டிஸ்பென்சரியில் கடதாசியில் மடித்துத் தரப்படும் மாத்திரைக்கும் பளபளக்கும் அட்டையில் வரும் மாத்திரைக்கும் இடையே உறையும் விலையும் வேறுபடலாம், வில்லையைப் பிடித்துவைக்கும் மாவுப்பொருட்கள் வேறுபடலாம். வலியைக் குறைக்கும் பொருள் வேறுபடாது. "எக்ஸ்ட்ரா" என்று விற்கப்படுவதிலும் பரசிட்டமோல் மாறுவதில்லை, அதனுடன் 65 மில்லிகிராம் கபேன் சேர்க்கப்பட்டிருக்கிறது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு மருந்தை "மேம்படுத்தியிருக்கிறோம்" என்று யாராவது சொன்னால், மாறியது மூலக்கூறா, அதன் உப்பா, அல்லது வில்லை செய்யப்பட்ட விதமா என்று கேட்க வேண்டும். கடையில் காணும் புதுமைகளில் பெரும்பாலானவை இரண்டாவது, மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. கீழே வரும் விடைகளில் பெரும்பகுதி முதலாவது வகையைப் பற்றியது.

"மூலக்கூறை மாத்துறதுன்னா சரியா எதை மாத்துறது? ஒரு உதாரணம் சொல்லுங்க."

சலிசிலிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு காபன் அணுக்கள் வளையமாக இணைந்த ஒரு பென்சீன் வளையம். அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூட்டங்கள், ஒன்று ஐதரொட்சில், மற்றொன்று காபொட்சிலிக் அமிலம். இது காய்ச்சலையும் மூட்டு வலியையும் குறைக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. ஆனால் வாயையும் இரைப்பையையும் கடுமையாக உறுத்துவதால், மூட்டுவாத நோயாளிகளால் தேவையான அளவில் தொடர்ந்து குடிக்க முடியவில்லை.

ஐதரொட்சில் முனையில் ஓர் அசற்றைல் கூட்டத்தை ஏற்றினால் கிடைப்பது அஸ்பிரின். இதைத் தூய்மையற்ற வடிவில் 1853இலேயே சார்ள்ஸ் கெர்ஹார்ட் செய்திருந்தார். ஜேர்மனியின் பேயர் நிறுவனத்தில் பீலிக்ஸ் ஹொப்மன் 1897இல் தூய வடிவில் செய்தார். 1899இல் அஸ்பிரின் என்ற பெயர் வந்தது. அந்த வேலையை வழிநடத்தியவர் தாமே என்று ஆர்தர் ஐகென்குருன் 1949இல் எழுதியதால், பெருமை யாருக்கு என்பதில் இன்றும் சர்ச்சை ஓயவில்லை.

அதே சலிசிலிக் அமிலத்தின் மறுமுனையை, அதாவது அமிலக் கூட்டத்தை, மெதனோல் என்ற மதுசாரத்துடன் இணைத்து எசுத்தராக்கினால் கிடைப்பது மெதைல் சலிசிலேற்று. கால் வலிக்குத் தேய்க்கும் தைலங்களில் மூக்கைத் துளைக்கும் அந்த மணம் இதனுடையதுதான். நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கங்களில் புதராக வளரும் கோல்தேரியா செடியின் இலையைக் கசக்கினாலும் இதே மணம் வரும். ஒரே தாய் மூலக்கூறு. ஒரு முனையில் கை வைத்தால் விழுங்கும் மாத்திரை, மறுமுனையில் கை வைத்தால் தோலுக்குள் ஊறும் எண்ணெய். இந்த எண்ணெயை வாயால் குடிப்பது உயிராபத்து: தூய எண்ணெய் 5 மில்லிலீற்றரில், அதாவது ஒரு தேக்கரண்டியில், 300 மில்லிகிராம் அஸ்பிரின் மாத்திரைகள் 20க்கு மேல் சேர்ந்த அளவு சலிசிலேற்று இருக்கிறது. தைலப் போத்தல் சிறுபிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

"லெப்ல நாங்களே அஸ்பிரின் செஞ்சோம். அதைத் தலைவலிக்குக் குடிச்சா என்ன?"

குடிக்கக் கூடாது. ஆய்வுகூடத்தில் கிடைக்கும் வெள்ளைப் பளிங்கில் இரசாயனத் தாக்கம் முடியாமல் எஞ்சிய சலிசிலிக் அமிலம் இருக்கலாம். இரும்பு(III) குளோரைட்டுக் கரைசலில் ஒரு துளி விட்டுப் பாருங்கள்: ஊதா நிறம் வந்தால், பென்சீன் வளையத்தோடு நேரே இணைந்த ஐதரொட்சில் கூட்டம் இன்னும் மறைக்கப்படாமல் இருக்கிறது என்று பொருள். தூய அஸ்பிரின் அந்த நிறத்தைத் தராது.

இதே சோதனைக்கு நம் ஊரில் இன்னொரு பயனும் உண்டு. மாதக்கணக்கில் பனியும் தூறலும் ஓயாத இடத்தில், மூடி சரியாக இறுகாத அஸ்பிரின் போத்தலைத் திறந்தால் வினாகிரி வாடை வரும். காற்றின் ஈரம் அசற்றைல் கூட்டத்தை நீர்ப்பகுப்பால் பிரித்துவிட, அசற்றிக் அமிலமும் பழைய சலிசிலிக் அமிலமும் மிஞ்சுகின்றன. அந்த மாத்திரைகளை எறிந்துவிட வேண்டும்.

"அஸ்பிரின் மட்டும் ஏன் இரத்தத்த எளக்குது? மத்த வலி மாத்திரையும் அதே வேலையத்தானே செய்யுது?"

உடலில் காயம் அல்லது அழற்சி ஏற்படும்போது, சைக்ளோஒக்சிசனேசு (சுருக்கமாகக் கொக்ஸ்) என்ற நொதியம் புரொஸ்டகிளான்டின்கள் என்ற பொருட்களை உருவாக்குகிறது. வலியுணர்வைத் தூண்டுபவற்றுள் அவை முக்கியமானவை. அஸ்பிரின் போன்றவை இந்த நொதியத்தைத் தடுக்கின்றன என்பதை 1971இல் ஜோன் வேன் காட்டினார். 1982இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இபுபுரோபென், டைக்ளோபெனக் முதலியவை நொதியத்தின் உள்ளே சென்று சில மணி நேரம் தங்கிவிட்டு வெளியேறிவிடும்.

அஸ்பிரின் தன் அசற்றைல் கூட்டத்தைக் கழற்றி நொதியத்திலுள்ள செரீன் என்ற அமினோவமிலத்தின் மீது நிரந்தரமாக ஒட்டிவிடுகிறது. மற்ற உயிரணுக்கள் புதிய நொதியத்தைச் செய்துகொள்ளும். இரத்தத்தை உறையச் செய்யும் குருதிச் சிறுதட்டுகளுக்குக் கரு இல்லாததால் அவற்றால் செய்ய இயலாது. 7 முதல் 10 நாள் வரையான தம் வாழ்நாள் முழுவதும் அவை உறையும் ஆற்றல் குறைந்தே சுற்றிவருகின்றன. இதய நோயாளிகளுக்கு 75 அல்லது 100 மில்லிகிராம் என்ற சிறிய அளவு போதுமானதாக இருப்பது இதனால்தான். இரைப்பையின் உறுத்தலைக் குறைப்பதற்காக ஏற்றப்பட்ட ஒரு கூட்டம், ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னர் முற்றிலும் வேறொரு காரணத்துக்காக மதிக்கப்பட்டது. டெங்கு என்று சந்தேகம் உள்ள காய்ச்சலில் அஸ்பிரினையும் இபுபுரோபென், டைக்ளோபெனக் வகைகளையும் தொடக் கூடாது என்று சொல்லப்படுவதற்கும் இந்தச் சிறுதட்டுகளும் இரத்தக்கசிவு ஆபத்துமே காரணம்.

"பரசிட்டமோல யாரு கண்டுபிடிச்சா? சிங்கோனா மரத்துல இருந்து வந்ததுன்னு எங்க தாத்தா சொன்னாரு."

தாத்தா சொன்னது நேரடியாகச் சரியில்லை, ஆனால் முழுவதும் பிழையும் இல்லை. 1861இல் ஹக்கலையில் இன்று பூங்காவாக இருக்கும் இடம் சிங்கோனாவைப் பயிரிட்டுப் பார்க்கும் நிலையமாகவே தொடங்கப்பட்டது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின், தேயிலை வேரூன்றும்வரை மலையகத்தில் பல துரைமார் சிங்கோனாவையே நம்பியிருந்தார்கள். அதன் பட்டையிலிருந்து எடுக்கும் குயினீன் மலேரியாவுக்கு மட்டுமன்றி எல்லாக் காய்ச்சலுக்கும் கொடுக்கப்பட்டது. விலை உயர்ந்த அந்தப் பொருளைச் செயற்கையாகச் செய்ய ஐரோப்பிய இரசாயனவியலாளர்கள் முயன்றார்கள். லுட்விக் க்னோர் 1880களின் தொடக்கத்தில் அந்த வழியில் போய்க் குயினீனை அடையாமல், அன்டிபைரீன் என்ற செயற்கைக் காய்ச்சல் மருந்தை அடைந்தார்.

அடுத்தது அசற்றனிலைட்டு. 1886இல் ஸ்ட்ராஸ்பேர்க்கில் கான், ஹெப் என்ற இரு வைத்தியர்கள் ஒரு நோயாளிக்கு நப்தலீன் கொடுக்க நினைத்தார்கள். மருந்துக்கடை தவறுதலாக அசற்றனிலைட்டைக் கொடுத்துவிட, நோயாளியின் காய்ச்சல் இறங்கியது. ஆனால் அது குருதியின் ஈமோகுளோபினைக் கெடுத்து, உதடும் நகமும் நீலமாகும்படி செய்தது. ஆகவே அடுத்த ஆண்டே வளையத்தின் எதிர்முனையில், அதாவது பரா நிலையில், ஓர் ஈதொட்சிக் கூட்டம் ஏற்றப்பட்ட பினசற்றீன் வெளியிடப்பட்டது. அது நெடுங்காலம் புழங்கியது. நீண்டநாள் அளவுமீறிக் குடித்தவர்களின் சிறுநீரகங்களைப் பழுதாக்கியது தெரிந்தபின் நாடுநாடாக விலக்கப்பட்டு, அமெரிக்காவில் 1983இல் நிறுத்தப்பட்டது.

பரசிட்டமோல் இவ்விரண்டுக்கும் தம்பி. அசற்றனிலைட்டின் பரா நிலையில் ஓர் ஐதரொட்சில் கூட்டம், அவ்வளவுதான். 1870களிலேயே செய்யப்பட்டும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1948-49இல் நியூயோர்க்கில் பேர்னாட் புரோடியும் ஜூலியஸ் அக்சல்ரொட்டும், அசற்றனிலைட்டும் பினசற்றீனும் உடலுக்குள் சென்றதும் பெருமளவு பரசிட்டமோலாகவே மாறுகின்றன, வலியைக் குறைப்பது அதுதான் என்று காட்டினார்கள். அறுபது ஆண்டுகளாக மக்கள் குடித்துவந்தது, ஈரல் தானே திருத்தி எழுதிக்கொண்ட மருந்தைத்தான்.

"பரசிட்டமோல் ஈரலைக் கெடுக்கும்னா, கெடுக்கிற பகுதிய மட்டும் வெட்டி எறிஞ்சிட்டு மிச்சத்த வச்சிக்க முடியாதா சேர்?"

கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கெடுப்பது பரசிட்டமோல் அன்று, அதிலிருந்து ஈரலில் உண்டாகும் ஒரு பொருள். குடித்ததில் பெரும்பகுதி சர்க்கரை வழிப்பொருளுடனோ சல்பேற்றுடனோ சேர்ந்து தீங்கின்றிச் சிறுநீரில் வெளியேறுகிறது. ஒரு சிறு பகுதியை ஈரல் நொதியங்கள் ஒட்சியேற்றி, இரசாயனவியலாளர்கள் நப்கி என்று சுருக்கிச் சொல்லும் குயினோனிமின் வகைச் சேர்வையாக்குகின்றன. அதை ஈரலிலுள்ள குளுத்தத்தயோன் என்ற காப்புப்பொருள் பிடித்து அடக்கிவிடும். வளர்ந்தவர் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டும்போதும், பட்டினியாலும் சாராயத்தாலும் குளுத்தத்தயோன் குறைந்திருக்கும்போதும், அடங்காத நப்கி ஈரலின் புரதங்களோடு ஒட்டி உயிரணுக்களைக் கொல்கிறது. அளவுமீறிக் குடித்தவர் முதல் நாள் நன்றாகவே இருப்பது போலத் தோன்றலாம்; அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், குறிப்பாக முதல் 8 மணி நேரத்தில், அசற்றைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்து பெரும்பாலும் காப்பாற்றிவிடும்.

இனி வெட்டுவதைப் பார்ப்போம். நப்கி உருவாவதற்கு ஐதரொட்சில் கூட்டமும் நைதரசனும் வளையத்தில் ஒன்றுக்கொன்று நேரெதிரே இருக்க வேண்டும். ஆகவே ஐதரொட்சிலை ஒரு காபன் தள்ளி மெற்றா நிலையில் வைத்தால் அந்தச் சேர்வை உருவாகவே முடியாது என்று தாளில் தெரிகிறது. அப்படிச் செய்து சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது ஈரல் கெடவில்லை. ஆனால் பின்னாளில் மனித ஈரலின் மெல்லிய துண்டுகளில் சோதித்தபோது, அதுவும் நச்சாகவே இருந்தது. மெற்றா வடிவம் வேறு வழிகளில் ஒட்சியேறி வேறு நச்சுப்பொருட்களைத் தந்தது. சுண்டெலியின் ஈரலும் மனித ஈரலும் ஒரே பாதையில் நடப்பதில்லை.

வளையத்தில் மெதைல் கூட்டங்களை ஏற்றி நப்கியின் வீரியத்தைக் குறைக்கவும் முயன்றிருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகக் குழுவொன்று ஸ்பெயின் ஆய்வாளர்களோடு சேர்ந்து, பரசிட்டமோலின் மறுமுனையில் பெரிய வளையமொன்றை இணைத்து ஈரலுக்குத் தீங்கில்லாத வடிவங்களைத் தேடிவருகிறது. அவற்றுள் ஒன்று மனிதரில் பரிசோதிக்கப்படும் கட்டத்துக்கு வந்திருக்கிறது.

"பரசிட்டமோல் எப்படி வேலை செய்யுதுன்னே முழுசா தெரியாதாமே. தெரியாத ஒன்ன எப்படித் திருத்துறது?"

மேலே சொன்ன முயற்சிகள் மெதுவாக நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம். பரசிட்டமோல் சைக்ளோஒக்சிசனேசை அழற்சியுள்ள இடங்களில் வலுவாகத் தடுப்பதில்லை. வீக்கம் அதனால் அதிகம் வற்றாததை எல்லோரும் அனுபவத்தில் அறிவார்கள். 2005இல் சுவீடனின் லுண்ட் நகர ஆய்வாளர்கள் இன்னொரு பாதையைக் காட்டினார்கள். ஈரலில் பரசிட்டமோல் தன் அசற்றைல் கூட்டத்தை இழக்கிறது. மிஞ்சிய பகுதி மூளையில் அரகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்துடன் இணைந்து புதிய சேர்வையாகிறது. அது வலியுணர்வைக் கட்டுப்படுத்தும் ஏற்பிகளில், அதாவது உயிரணுக்களில் இரசாயனச் செய்திகளைப் பிடிக்கும் புரதங்களில், செயற்படுகிறது.

இது சரியானால், அசற்றைல் பக்கத்தைக் கழற்ற முடியாதபடி மாற்றுகிறவர் மருந்தின் பயனையே அறுத்துவிடக்கூடும். நச்சைத் தரும் முனையும் பயனைத் தரும் முனையும் ஒரே சிறு மூலக்கூறில், அதன் மூலக்கூற்றுத் திணிவு 151தான், நெருங்கிக் கிடக்கின்றன. வெட்டுவதற்கு இடம் குறைவு.

"ஒரேயொரு காபன சேர்த்தா பெருசா என்ன ஆகப்போகுது?"

1950களில் இங்கிலாந்தின் நொட்டிங்காமில் பூட்ஸ் நிறுவனத்தில் ஸ்டுவர்ட் ஆடம்ஸும் ஜோன் நிக்கல்சனும், அஸ்பிரினைவிட இரைப்பைக்கு இதமான மூட்டுவாத மருந்தொன்றைத் தேடினார்கள். நூற்றுக்கணக்கான சேர்வைகளுக்குப் பின் இபுபெனக் என்ற ஒன்று விற்பனைவரை வந்தது. பிரித்தானிய நோயாளிகள் சிலருக்கு அது மஞ்சட்காமாலையை உண்டாக்கியதால் 1968இல் நிறுத்தப்பட்டது. அமிலக் கூட்டத்துக்கு அடுத்த காபனில் ஒரு மெதைல் கூட்டத்தை ஏற்றிய அதன் உடன்பிறப்பு 1969இல் வெளிவந்தது. அதுதான் இபுபுரோபென். வரைந்து பார்த்தால் வித்தியாசம் ஒரு சிறு கோடு மட்டுமே.

அந்தக் கோடு இன்னொரு விளைவையும் கொண்டுவந்தது. மெதைல் ஏறிய காபனில் இப்போது நான்கு வெவ்வேறு கூட்டங்கள். ஆகவே மூலக்கூறு இடக்கை, வலக்கை போன்ற இரு ஆடிவிம்ப வடிவங்களில் உருவாகிறது. நொதியத்தைத் தடுப்பது அவற்றுள் ஒன்றுதான், மாத்திரையிலோ இரண்டும் பாதிக்குப் பாதி. நல்லவேளையாக, பயனற்ற வடிவத்தில் பெரும்பகுதியை உடலே பயனுள்ள வடிவமாக மாற்றிக்கொள்கிறது. பயனுள்ள வடிவத்தை மட்டும் பிரித்துச் செய்த மாத்திரையும் சில நாடுகளில் உண்டு. அளவு குறையும் என்பது உண்மை; விலைக்குத் தகுந்த வித்தியாசம் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மெதைல் ஏற்றினால் எப்போதும் நன்மை என்று மாணவர்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். டைக்ளோபெனக்கின் இரண்டு குளோரின்களில் ஒன்றுக்குப் பதிலாகப் புளோரினை வைத்து, மற்ற வளையத்தில் ஒரு மெதைலையும் ஏற்றி லுமிரகொக்சிப் செய்யப்பட்டது. இரைப்பைக்கு இதமாக இருந்தது. ஆனால் கடுமையான ஈரல் பாதிப்புகள் பதிவானதால் 2007இல் அவுஸ்திரேலியாவில் விலக்கப்பட்டது. இபுபெனக்கை வீழ்த்திய அதே உறுப்பு, நாற்பது ஆண்டு கழித்து இன்னொன்றை வீழ்த்தியது.

"வயிறு எரியாத வலி மாத்திரை வந்திருக்குன்னாங்க. அதுல என்ன மாத்தினாங்க?"

மேலே சொன்ன சைக்ளோஒக்சிசனேசு, அதாவது கொக்ஸ், இரு வகைப்படும் என்பது 1990களின் தொடக்கத்தில் தெளிவானது. கொக்ஸ் 1 இரைப்பையின் உட்சவ்வைக் காக்கும் புரொஸ்டகிளான்டின்களை அன்றாடம் செய்துவருகிறது; கொக்ஸ் 2 பெரும்பாலும் அழற்சியின்போது பெருகுகிறது. பழைய மாத்திரைகள் இரண்டையும் தடுப்பதால் வலியோடு இரைப்பையின் காவலும் போய்விடுகிறது. இரண்டின் உட்குழிகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தாலும், அமினோவமிலச் சங்கிலியின் 523ஆம் இடத்தில் கொக்ஸ் 1இல் ஐசோலியூசின் இருக்க, கொக்ஸ் 2இல் வலீன் இருக்கிறது. வலீனில் ஒரு காபன் குறைவு. அந்தக் குறைவால் கொக்ஸ் 2இன் குழியில் பக்கவாட்டில் ஓர் இடம் திறக்கிறது. லயத்தில் எல்லாக் காம்பராவும் ஒரே அளவாக இருக்க, ஒன்றுக்கு மட்டும் பக்கத்தில் சாய்ப்பு இறக்கியிருப்பதைப் போல. சல்பொனமைட்டுக் கூட்டமொன்றை அந்தச் சாய்ப்புக்குள் நீட்டும்படி செய்யப்பட்டதே செலகொக்சிப். கொக்ஸ் 1க்குள் அதனால் சரியாகப் பொருந்த முடியாது. மேற்கேள்வியில் ஒரு காபனை அலட்சியமாகக் கேட்ட மாணவனுக்கு இங்கேயும் விடை இருக்கிறது.

செலகொக்சிப் 1998இன் இறுதியில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது; அதே வகையான ரொபெகொக்சிப் அடுத்த ஆண்டு வந்தது. ரொபெகொக்சிப்பை நீண்டநாள் குடித்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதாகப் பரிசோதனையொன்று காட்டியதால், 2004 செப்டெம்பர் 30இல் உலகெங்கும் மீளப்பெறப்பட்டது. கொக்ஸ் 2 குருதிக்குழாய்ச் சுவரிலும் உறைதலைத் தடுக்கும் ஒரு பொருளைச் செய்கிறது. அதை மட்டும் நிறுத்திவிட்டு, சிறுதட்டுகளின் கொக்ஸ் 1ஐத் தொடாமல் விட்டால் தராசு உறைதலின் பக்கம் சாய்கிறது. அஸ்பிரினின் கதைக்கு இது நேர்மாறானது. இந்த வகை மாத்திரைகள் இன்றும் பயன்படுகின்றன. இதயநோய் உள்ளவர் வைத்தியரிடம் சொல்லாமல் வாங்கக் கூடாது. சிறுநீரகத்தை இவையும் விட்டுவைப்பதில்லை.

"டைக்ளோபெனக் சோடியம், டைக்ளோபெனக் பொட்டாசியம்: எது ஸ்ட்ரோங்?"

வலியைக் குறைக்கும் பகுதி ஒன்றேதான். முதற்கேள்வியில் சொன்ன இரண்டாவது வகை மாற்றம் இது. பொட்டாசியம் உப்பு விரைவாகக் கரைவதால் வலி சீக்கிரம் குறையத் தொடங்கும். சோடியம் வில்லைகளுக்குப் பெரும்பாலும் இரைப்பையில் கரையாத பூச்சு இருப்பதால் பிந்தித் தொடங்கும். அந்தப் பூச்சு இரைப்பையைக் காக்கும் என்று நம்பி வெறும் வயிற்றில் குடிக்கிறார்கள். தீங்கில் பெரும்பகுதி குருதி வழியாகவே நிகழ்வதால் பூச்சு அதைத் தடுக்காது. தண்ணீரில் பொங்கும் பரசிட்டமோலிலும் மாறியது மூலக்கூறு அன்று, வில்லை செய்யப்பட்ட விதம்தான். அதில் சோடியம் நிறைய இருப்பதால் பிரஷர் உள்ளவர்கள் அடிக்கடி குடிப்பது நல்லதில்லை.

"உள்ள போன பிறகு மாறி வேலை செய்யுற மாதிரி வேணும்னே செய்வாங்களாமே?"

செய்வார்கள், பினசற்றீன் தற்செயலாகச் செய்ததைத் திட்டமிட்டுச் செய்வது இது. பரசிட்டமோல் நீரில் நன்கு கரையாததால் ஊசிமருந்தாக்குவது முன்னர் கடினமாக இருந்தது. அதன் ஐதரொட்சிலில் நீர்விரும்பும் எசுத்தரொன்றை ஏற்றிப் புரோபசற்றமோலைச் செய்தார்கள். குருதியில் எசுத்தர் உடைந்து பரசிட்டமோல் வெளிவரும். நபுமெட்டோன் என்ற இன்னொன்றில் அமிலக் கூட்டமே இல்லை. ஈரல்தான் அதை அமிலமாக்கி வேலை செய்யவைக்கிறது.

ஆபத்து எங்கே என்றால், எல்லோருடைய ஈரலும் ஒரே வேகத்தில் மாற்றுவதில்லை. கோடீன் என்பது மோர்பீனின் ஓர் ஐதரொட்சிலில் மெதைல் ஏற்றியது. ஈரல் அந்த மெதைலைக் கழற்றிச் சிறு பங்கை மோர்பீனாக்கும்போதுதான் வலி குறைகிறது. அப்படிக் கழற்றும் ஈரல் நொதியம் பரம்பரையாகச் செயலற்றவர்களுக்குக் கோடீன் பெரும்பாலும் கேட்காது. அது மிகையாகச் செயற்படுபவர்களுக்கோ அதே அளவு மூச்சை அடக்கிவிடலாம். சிறுபிள்ளைகள் சிலர் இறந்தபின் 2013இலிருந்து ஐரோப்பாவும் அமெரிக்காவும் பிள்ளைகளுக்குக் கோடீன் கொடுப்பதைக் கட்டுப்படுத்தின.

"மோர்பீன்ல இருக்குற போதைய மட்டும் எடுத்துட முடியாதா?"

முயன்ற கதை மிகப் பழையது. சலிசிலிக் அமிலத்தில் அசற்றைல் ஏற்றிய அதே ஹொப்மன், அதே 1897 ஓகஸ்ட் மாதத்தில், மோர்பீனிலும் அசற்றைல் ஏற்றினார். பேயர் 1898இல் அதை இருமல் மருந்தாக விற்றது, பெயர் ஹெரோயின். இரண்டு அசற்றைல் கூட்டங்களும் மூலக்கூறை மூளைக்குள் வேகமாக நுழையச் செய்தன, போதை கூடியதே தவிரக் குறையவில்லை. வலியைக் குறைப்பதும் இன்பத்தைத் தருவதும் ஒரே ஏற்பி என்பதால் மோர்பீனை எவ்வளவு செதுக்கினாலும் இரண்டையும் பிரிப்பது கடினமாகவே இருக்கிறது.

அதனால் சிலர் வேறு கதவைத் தட்டினார்கள். வலி நரம்புகளிலுள்ள ஒரு சோடியம் வாயிலை மட்டும் அடைக்கும் சூசெட்ரிஜின் என்ற மருந்துக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அங்கீகாரம் அளித்தது. மூளையிலுள்ள அந்த ஏற்பியை அது தொடுவதில்லை. ஆயினும் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வலியில், பரசிட்டமோலுடன் ஓபியொயிட் (மோர்பீன் வகை மருந்து) கலந்த பழைய மாத்திரையை அது வெல்லவில்லை. விலையும் மிக அதிகம்.

"எங்கம்மா கொழுந்து எடுக்கப் போறவங்க. முழங்கால் வலிக்கு இதுல எது நல்லது? மூலக்கூறப் பார்த்து சொல்லுங்க சேர்."

மூலக்கூறைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அம்மாவுக்கு வயது என்ன, பிரஷருக்கு மாத்திரை குடிக்கிறாரா, வயிற்றுப் புண் இருந்ததா, சிறுநீரகப் பரிசோதனை எப்போது செய்தது என்பவற்றையும் பார்க்க வேண்டும். லொசார்டன் வகைப் பிரஷர் மாத்திரையும் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் குடிப்பவர், அவற்றோடு டைக்ளோபெனக்கையோ இபுபுரோபெனையோ சேர்த்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கத்திலிருந்தும் இடி. மலையில் வெயிலில் நின்று, தண்ணீர் குறைவாகக் குடித்து வேலை செய்யும் உடம்புக்கு அந்த இடி இன்னும் கடுமையானது.

பெரும்பாலானோருக்கு முதலில் கொடுத்துப் பார்க்கத் தகுந்தவை, அளவுக்குட்பட்ட பரசிட்டமோலும், மேலே தேய்க்கும் டைக்ளோபெனக் ஜெல்லும்தான். ஜெல்லிலிருந்து குருதிக்குள் போகும் அளவு மாத்திரையைவிட மிகக் குறைவு. கடையில் இரண்டு வெவ்வேறு பெயரில் வாங்கிய மாத்திரைகள் இரண்டிலும் பரசிட்டமோல் இருக்கலாம், ஆகவே சளி மாத்திரையின் அட்டையையும் திருப்பிப் படியுங்கள். கிளினிக் கொப்பியையும், அம்மா தற்போது குடிக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், தைலப் போத்தல் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அதைப் பார்த்தபின் சொல்கிறேன்.